தொட்டி ஏன் புளிக்கிறது?

(இறப்பர்த் தோட்டக் கிளைகளின் தொழிலாளர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது பெக்டரிக்குப் பின்னால் இருக்கும் கழிவுத்தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. சம்பளமும் சேமலாப நிதியும் லயத்துக் கூரையும் பேசுகிற இடத்தில் கழிவுத் தொட்டிக்கு என்ன வேலை என்று சிலர் நினைப்பீர்கள். அந்தத் தொட்டி கெட்டால் அதன் தண்ணீர் நமது ஓடைக்கு வருகிறது. அதிகாரிகள் வந்து பெக்டரியை நிறுத்தினால் போவது நமது பெயர். தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கிவிடுவது நமது ஆட்களை. கடைசியில் "நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று கடிதம் வருவதும் வால்வு திறக்கிற நமது தம்பிக்குத்தான். இவ்வளவும் நமது தலையில் விழுகிறபோது, தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையாவது நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

பால் வெட்டுகிற நமது தாய்மார் காலையில் கொண்டுவந்து கொடுக்கிற பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதில் கொஞ்சம் புரதம், கொஞ்சம் சீனிப் பொருட்கள், உப்புகள் கரைந்திருக்கின்றன. பெக்டரியில் பாலை வடித்து, தண்ணீர் கலந்து, போமிக் அமிலம் விட்டு உறைய வைக்கிறோம். இறப்பர் கட்டியாகிறது. மிஞ்சுகிற தண்ணீரோடு அந்தப் புரதமும் சீனியும் அமிலமும் போகின்றன. ரோலரிலும் தரையிலும் கழுவுகிற தண்ணீரும் அதோடு சேர்கிறது. பார்த்தால் கஞ்சித் தண்ணீர் மாதிரி, பெரிய ஆபத்து ஒன்றும் தெரியாது. ஆனால் அப்படியே ஓடைக்கு விட்டால், தண்ணீரிலுள்ள கிருமிகள் அந்தச் சாப்பாட்டைத் தின்னத் தின்ன ஒட்சிசன் தீர்ந்துபோகும். மீன் செத்து மிதக்கும். கல்லெல்லாம் வழுக்கும். ஓடை நாற்றமெடுக்கும்.

கேகாலைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையிலும் மகா ஓயாவிலும் போய்ச் சேர்கின்றன. களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தண்ணீர் பெரும்பாலும் களு கங்கைக்குப் போகிறது. கொழும்பு மாநகரம் குடிக்கிற தண்ணீரில் பெரும் பங்கை அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள். நமது லயத்துக்குக் கீழே சிங்களக் கிராமத்துச் சனங்கள் அதே ஓயாவில் குளிக்கிறார்கள், வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். தண்ணீர் நாறினால் அவர்கள் துரையைத் தேடிப் போவதில்லை, "தோட்டத்து ஆட்கள் அழுக்கை விடுகிறார்கள்" என்று நம்மைத்தான் சொல்கிறார்கள்.

அதற்காகத்தான் காற்றுப் படாத தொட்டி. அகலவத்தை டார்ட்டன்பீல்டிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தார் நம்நாட்டுத் தென்னந்தும்பையே தொட்டிக்குள் தொங்கவிட்டு, கிருமிகள் அதில் ஒட்டி வாழும்படி ஒரு முறையைச் செய்தார்கள். நல்ல முறை, செலவும் குறைவு. கிருமி தண்ணீரோடு அடித்துப் போகாமல் தும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில பெக்டரிகளில் அது இருக்கிறது, சிலவற்றில் வெறும் மூடிய தொட்டியும் குளங்களும். எதுவாக இருந்தாலும் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான்.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருப்பவர்கள் கொழுந்தை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் ஒரு கூட்டம் கொழுந்து பறிக்கிறது. ஸ்டோரில் இன்னொரு கூட்டம் அதை வாட்டுகிறது. கொழுந்து வரத்து அளவாக இருந்தால் எல்லாம் சரி. ஒரு நாள் அளவுக்கு மீறிக் கொழுந்து வந்து, வாட்டுத் தட்டில் இடமில்லாமல் குவித்துப் போட்டால்? கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். பறித்தவர்கள் மேலும் குற்றமில்லை, வாட்டுகிறவர்கள் மேலும் குற்றமில்லை. வரத்தும் வேலையும் பொருந்தவில்லை.

தொட்டிக்குள்ளும் இப்படிக் கூட்டங்கள் இருக்கின்றன. முதல் கூட்டம் புரதத்தையும் சீனியையும் உடைத்துச் சேதன அமிலங்களாக்குகிறது. அசற்றிக் அமிலம், அதாவது வினாகிரியில் இருக்கிற அதே அமிலம், அதோடு புரோப்பியோனிக் அமிலம், பியூற்றிக் அமிலம். கடைசிக் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மெதேன் வாயுவாக்குகிறது. மெதேன் வெளியே போய்விட்டால் தண்ணீரிலிருந்த அழுக்கின் பெரும் பகுதியும் அதோடு போய்விட்டது என்று அர்த்தம். அந்த மெதேனில் ஏறக்குறைய 70 சதவீதம் அசற்றிக் அமிலத்தின் வழியாகத்தான் வருகிறது. ஆகவே அமிலம் உண்டாவது கெட்ட விடயம் அல்ல, அது உண்டாகத்தான் வேண்டும். உண்டான அமிலம் அன்றன்றைக்குத் தின்று முடியாமல் தேங்குகிறபோதுதான் தொட்டி புளிக்கிறது.

ஏன் தேங்குகிறது? அமிலம் செய்கிற கூட்டம் முரட்டுக் கூட்டம். சில மணித்தியாலத்தில் இரட்டிப்பாகப் பெருகும். பீ.எச். 5 வரை இறங்கினாலும் வேலையை விடாது. மெதேன் செய்கிற கூட்டம் அப்படி அல்ல. அது இரட்டிப்பாகப் பெருகப் பல நாள் வேண்டும். பீ.எச். 6.8க்கும் 7.4க்கும் இடையில் இருந்தால்தான் அதற்கு உடம்பு சரி. 6.5க்குக் கீழே தளர்ந்துவிடும், 6ஐ அண்டினால் அனேகமாகப் படுத்துவிடும். பீ.எச். ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று அர்த்தம் என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது பாருங்கள். சாப்பாடு கூடுதலாக விழுகிறது. முரட்டுக் கூட்டம் அமிலத்தைக் குவிக்கிறது. மெதுவான கூட்டத்தால் தின்று முடிக்க முடியவில்லை. அமிலம் தேங்கி பீ.எச். இறங்குகிறது. இறங்கியதால் மெதுவான கூட்டம் இன்னும் மெதுவாகிறது, அமிலம் இன்னும் தேங்குகிறது. கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி, ஒருதரம் வழுக்கத் தொடங்கினால் தானாக நிற்காது.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. புரோப்பியோனிக், பியூற்றிக் அமிலங்களை அசற்றிக் அமிலமாக்கிக் கொடுப்பது அதுதான். தொட்டியில் ஐதரசன் மிகக் குறைவாக இருந்தால்தான் அதால் வேலை செய்ய முடியும். அந்த ஐதரசனைத் தின்று குறைத்துக் கொடுப்பதும் மெதேன் கூட்டத்தில் ஒரு பிரிவு. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை இது. அதனால்தான் தொட்டி நோய்ப்படத் தொடங்கும்போது புரோப்பியோனிக் அமிலம் முன்னமே கூடிவிடுகிறது.

அமிலம் கூடினவுடன் பீ.எச். ஏன் உடனே இறங்குவதில்லை? நமது தம்பிமார் அடிக்கடி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தொட்டித் தண்ணீரில் காரத்தன்மை என்று ஒரு கையிருப்பு இருக்கிறது. பாலின் புரதம் உடையும்போது அமோனியா வருகிறது. அது காபனீரொட்சைட்டோடு சேர்ந்து இருகாபனேற்றாகி நிற்கிறது. அமிலம் வர வர இந்தக் கையிருப்பு அதை வாங்கிக்கொள்ளும். வீட்டில் அரிசிப் பானை நிறைய இருக்கும் மட்டும் கடைக்காரனுக்குக் கடன் ஏறுவது தெரியாத மாதிரி, கையிருப்பு இருக்கும் மட்டும் பீ.எச். அசையாது. பானை காலியான அன்றைக்குப் பீ.எச். மளமளவென்று விழும். அன்றைக்குப் பார்த்துவிட்டு "நேற்று வரை 7 இருந்ததே, இன்றைக்கு நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிறார்கள். நேற்றும் முந்தநாளும் அதற்கு முந்தின வாரமும் தொட்டி புளித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆகவே பீ.எச். மட்டும் பார்த்தால் போதாது. சேதன அமிலம் எவ்வளவு, காரத்தன்மை எவ்வளவு என்று இரண்டையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் பிரித்துப் பார்க்க வேண்டும். 0.3க்குள் இருந்தால் தொட்டி நலம். 0.4ஐத் தாண்டினால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். 0.8ஐ எட்டினால் தொட்டி விழுந்துகொண்டிருக்கிறது. இதை அளக்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. வடித்த தொட்டித் தண்ணீர் கொஞ்சம், அளவு தெரிந்த ஐதான சல்பூரிக்கமிலம், ஓர் அளவி, ஒரு பீ.எச். மானி. பீ.எச். 5 வருமட்டும் எவ்வளவு அமிலம் விழுந்தது என்று குறித்து, பிறகு 4.4 வருமட்டும் எவ்வளவு என்று குறித்தால், முதல் கணக்கிலிருந்து காரத்தன்மையும் இரண்டாவதிலிருந்து சேதன அமிலமும் வந்துவிடும். நமது தோட்டங்களில் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவரைப் பெக்டரியில் இந்த வேலைக்கு எடுத்தால் என்ன?

கருவி வரும்வரை கண்ணும் காதும் இருக்கின்றன. வாயு குமிழ் விடுவது குறையும். வாயுவை அடுப்புக்கு எடுக்கிற இடமென்றால் சுவாலை மெலிந்து பற்றாமல் போகும், ஏனென்றால் மெதேன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடியிருக்கிறது. வெளியே வருகிற தண்ணீர் தெளிவு கெட்டுக் கலங்கும், நுரைக்கும். வெளிவாய்க்காலில் ஊசிப்போன நெய் மாதிரி ஒரு வாடை வரும். வாடை பார்க்கிறோம் என்று தொட்டி வாயில் தலையைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வருகிறோம்.

தொட்டியைப் புளிக்க வைப்பவை எவை? முதலாவது, வரத்தில் குதிப்பு. நமது பக்கம் தென்மேல் பருவத்தில் நான்கைந்து நாள் தொடர்ந்து அடித்து ஊற்றும். பட்டை ஈரம், பால் வெட்டு இல்லை, தொட்டிக்குச் சாப்பாடும் இல்லை. மழை விட்ட அன்றைக்கு எல்லா மலையிலும் வெட்டு, பால் குவிகிறது. அந்தத் தண்ணீரை ஒரே மூச்சில் தொட்டிக்குத் திறந்துவிட்டால் பட்டினி கிடந்தவனுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்ட கதைதான். தொட்டிக்கு முன்னால் ஒரு சமன்படுத்தும் தொட்டி இருந்தால் இன்றைக்கு வந்ததை இரண்டு மூன்று நாளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அந்தத் தொட்டியைக் கட்டாமலோ, கட்டினதைச் சேறு நிரம்ப விட்டோ வைத்திருக்கிற இடங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இரண்டாவது, அமிலத்தின் அளவும் வகையும். போமிக் அமிலத்தைக் கண் அளவில் விடுகிறபோது கூடத்தான் விழும். ஆனாலும் போமிக் அமிலத்தை மெதேன் கூட்டத்தில் பல வகைகள் தின்றுவிடும். நலமான தொட்டி அதைச் சமாளிக்கும். விலை குறைவு என்று சல்பூரிக்கமிலத்துக்கு மாறினால் கதை வேறு. அதைத் தின்ன மெதேன் கூட்டத்தால் முடியாது. அதிலுள்ள சல்பேற்றை வேறொரு கூட்டம் பிடித்து ஐதரசன் சல்பைட்டு வாயுவாக்கும், அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கூட்டம் மெதேன் கூட்டத்தின் சாப்பாட்டையும் பறிக்கிறது, அது விடுகிற வாயு மெதேன் கூட்டத்துக்கு நஞ்சாகவும் இருக்கிறது. பாலைச் சுழற்றி அடர்த்தியாக்கும் பெக்டரிகளில் மிஞ்சும் தண்ணியான பாலை உறைய வைக்கச் சல்பூரிக்கமிலம் விடுவது வழக்கம். அங்கே வேலை செய்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

மற்றவை சின்ன விடயங்கள், ஆனால் நடக்கின்றன. தரை கழுவுகிற கிருமிநாசினியை வாளி வாளியாக அதே வாய்க்காலில் விடுவது. தொட்டியின் சேற்றை "சுத்தம்" என்று சொல்லி முழுவதும் அள்ளி வெளியே போடுவது. அந்தச் சேறுதான் தொட்டியின் வேலையாட்கள், அதை அள்ளிவிட்டால் வேலைக்கு ஆள் இல்லை.

புளித்துவிட்டால் என்ன செய்வது? முதலில் வாயைக் கட்ட வேண்டும். வரத்தைப் பாதியாகவோ முழுதாகவோ நிறுத்தி, சமன்படுத்தும் தொட்டியில் வைக்க வேண்டும். மற்ற வைத்தியம் எல்லாம் அதற்குப் பிறகு. தொட்டியிலிருந்து வெளியே போகிற தண்ணீரில் ஒரு பகுதியை மறுபடி வரத்தோடு கலந்து விட்டால் அதிலிருக்கிற காரத்தன்மை திரும்பி வரும். இதற்குக் காசு செலவில்லை, ஒரு பம்ப் போதும். நன்றாக வேலை செய்கிற இன்னொரு தொட்டியின் சேறு கிடைத்தால் கொண்டுவந்து சேர்க்கலாம். அது இல்லாவிட்டால் புதுச் சாணத்தைக் கரைத்து வடித்து விடலாம், மாட்டின் வயிற்றிலும் இந்த மெதேன் கூட்டம் வாழ்கிறது. பீ.எச். திரும்பி, வாயு திரும்பின பிறகு கால் பங்கு வரத்திலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மெதுவான கூட்டம் மறுபடி பெருகுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். "நாளைக்கே சரியாக வேண்டும்" என்று எந்தத் துரை கத்தினாலும் கிருமி கேட்காது.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல பெக்டரிகளில் தெரிந்த ஒரே மருந்து அதுதான். பீ.எச். விழுந்தால் "சுண்ணாம்பைக் கொட்டு" என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விட்டால் உதவும். பீ.எச். 6.7 அளவில் வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் விடுகிற சுண்ணாம்பு தொட்டியிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து வெள்ளைக் கல்லாக அடியில் படியும். குழாயை அடைக்கும். பீ.எச். ஏறாது, ஏறினாலும் நிற்காது. மூடிய தொட்டியில் வாயு திடீரென்று குறைந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி வெளிக்காற்றை இழுக்கும். மெதேனும் காற்றும் கலந்தால் ஒரு பொறி போதும், காற்றில் 5 முதல் 15 சதவீதம் மெதேன் இருந்தால் வெடிக்கும். சோடியம் இருகாபனேற்று, அதாவது நாம் அப்பத்துக்குப் போடுகிற சோடாதான், விலை கூட ஆனாலும் இந்த ஆபத்துகள் இல்லாதது. அவசரத்துக்கு அதுவே நல்லது. இன்னொன்று, சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் கண் போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூட்டையைப் பிரிக்கச் சொன்னால் பிரிக்காதீர்கள். எந்த மருந்து விட்டாலும், வரத்தைக் குறைக்காமல் விட்டால் அது வயிற்றுப்போக்குக்காரனுக்குப் பாயை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது போலத்தான்.

மாடு வளர்க்கிற வீட்டுக்காரருக்கும் ஒரு சொல். சாண உயிர்வாயுத் தொட்டி வைத்திருக்கிறவர்கள் கல்யாணம், சடங்கு என்று மிஞ்சின சோறு கறி எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு, அடுத்த கிழமை அடுப்பு பற்றவில்லை என்கிறார்கள். அதுவும் இதே புளிப்புத்தான். சோறு சாணத்தை விட வேகமாக அமிலமாகும். நான்கைந்து நாள் சோற்றை நிறுத்திவிட்டுச் சாணம் மட்டும் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் மெதேன் கூட்டம் இன்னும் சோம்பலாக இருக்கும், அங்கே இன்னும் குறைவாகத்தான் ஊட்ட வேண்டும்.

இனி, தொட்டிக்குள் இறங்குகிற விடயம். இதில் எங்களுக்குச் சமரசம் கிடையாது. ஐதரசன் சல்பைட்டு காற்றை விடப் பாரமான வாயு, தொட்டியின் அடியிலும் குழியிலும் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது முட்டை நாற்றம் வரும். மில்லியனில் 100 பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் கொல்லுகிற நேரம். 500க்கு மேல் போனால் ஆள் சில நிமிடத்தில் சுருண்டு விழுவார். மேலே நிற்கிறவர் "ஐயோ அண்ணன்" என்று பின்னால் குதிப்பார், அவரும் விழுவார். 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியவில் ஓர் இறப்பர்த் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டியில் ஒருவர் விழுந்து, காப்பாற்றப் போனவர்களும் சேர்த்து ஐந்து பேர் இறந்தார்கள். வாயு வேறு, நடந்த விதம் இதுவேதான்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் நச்சுப் புகை இருக்கக்கூடிய தொட்டி, குழிகளுக்குள் ஆள் இறங்குவதைப் பற்றி ஏற்பாடு இருக்கிறது. சுவாசக் கருவி, இடுப்புப் பட்டி, வெளியே ஒருவர் பிடித்திருக்கிற கயிறு. வாயை மூடக் கைலேஞ்சி கட்டிக்கொண்டு போவது இதில் சேராது. தொட்டியில் அடைப்பு என்றால் வெளியிலிருந்து பம்பால் எடுக்கட்டும். "கொஞ்சம் சாராயம் தருகிறோம், இறங்கு" என்று கேட்கிற வழக்கம் இன்னும் சில இடத்தில் இருப்பது நமக்குத் தெரியும். பெண்டுகளே, வீட்டிலிருந்து போகிறவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு கிளைக் கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "டீச்சர், நீங்க சொல்றதெல்லாம் சரி. நாங்க வாயைத் திறந்து, சுற்றாடல்காரர் வந்து பெக்டரிய மூடிட்டா எங்க பேர் என்ன ஆகும்?" இது நியாயமான கேள்வி. ஓடை நாறினாலும் அடுப்பு எரிய வேண்டும் என்ற பயத்தில் கேட்ட கேள்வி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெக்டரிக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். இறப்பர்ப் பெக்டரியிலிருந்து ஆற்றுக்கு விடுகிற தண்ணீரின் பீ.எச். 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும், இன்னும் பல அளவுகள் உண்டு. நாம் பேசாமல் இருந்தாலும் கீழ்க் கிராமத்தார் பேசுவார்கள், மீன் மிதந்த அன்றைக்கு யாரும் மறைக்க முடியாது. தொட்டி முழுதாக விழுந்த பிறகு அதிகாரிகள் வந்தால் வாரக் கணக்கில் வேலை நிற்கும். புளிக்கத் தொடங்கும்போதே பிடித்தால் நான்கைந்து நாள் வரத்தைக் குறைத்தாலே போதும், பாலைப் பக்கத்துப் பெக்டரிக்கு அனுப்பிக்கூடச் சமாளிக்கலாம். பெயர் போகாமல் இருக்க வேண்டுமென்றால் முன்னமே பேசுவதுதான் நமக்கு இலாபம் என்று அந்த அக்காவிடம் சொன்னோம். அவர் முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டோம். "பார்ப்போம்" என்று உட்கார்ந்தார்.

அதற்குச் சில மாதத்துக்குப் பிறகு வேறொரு தோட்டத்தில் தொட்டி வேலை பார்த்த ஒரு தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சுண்ணாம்பு விடாமல் அலட்சியமாக இருந்ததால் தொட்டி கெட்டது என்று குற்றம். விசாரணைக்குப் போனோம். தொட்டிக்கென்று குறிப்புப் புத்தகம் ஏதும் நிர்வாகத்திடம் இல்லை. தம்பியின் வீட்டுச் சுவரில் நகைக்கடை நாட்காட்டி ஒன்று தொங்கியது. அதில் மழை நாளுக்கு ஒரு கோடு, வால்வை ஒரு தரம் திறந்த நாளுக்கு ஒரு புள்ளி, இரண்டு தரம் திறக்கச் சொன்ன நாளுக்கு இரண்டு புள்ளி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஏன் குறித்தாய் என்று கேட்டால், "சும்மா, ஞாபகத்துக்கு" என்றார். ஏழு நாள் கோடு, அதற்குப் பிறகு ஒன்பது நாள் தொடர்ந்து இரண்டிரண்டு புள்ளி. அந்த நாட்காட்டியை மேசையில் வைத்தோம். பால் நிறுத்த புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னோம். இரண்டும் பொருந்தின. கடிதத்தைத் திருப்பி எடுத்தார்கள்.

அதிலிருந்து எங்கள் கிளைகள் நிர்வாகத்திடம் கேட்டு வருகிறவை இவைதான். தொட்டிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு குறிப்புப் புத்தகம். அதில் அன்றன்றைக்கு உள்ளே விட்ட தண்ணீர், உள்ளே வெளியே பீ.எச்., விட்ட சுண்ணாம்பு, உறைய வைக்கப் போன அமிலம் எல்லாம் எழுதிப் பெக்டரி அதிகாரியும் தொழிலாளியும் கையெழுத்துப் போட வேண்டும். அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள கணக்கைக் கிழமைக்கு ஒரு தரமாவது அளந்து விளம்பரப் பலகையில் போட வேண்டும். தொட்டி பார்க்கிறவர் நிரந்தரத் தொழிலாளியாக, பயிற்சி பெற்றவராக, முழுப் பெயர் பெறுகிறவராக இருக்க வேண்டும். இன்றைக்குப் புல் வெட்டுகிறவரை நாளைக்குத் தொட்டிக்கு அனுப்புகிற வழக்கம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டி புளிக்கிற அடையாளம் கண்டால் வரத்து வால்வை மூட அவருக்கு உரிமை வேண்டும், அதற்காகப் பெயர் வெட்டக் கூடாது. புத்தகம் வைக்க இரண்டு தோட்டங்கள் சம்மதித்துவிட்டன. வால்வு உரிமைக்கு இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை. போராட வேண்டியது அதில்தான் இருக்கிறது.

புத்தகம் வராத தோட்டங்களில் இன்றிலிருந்தே நாட்காட்டியில் குறியுங்கள். மழைக்குக் கோடு, வால்வுக்குப் புள்ளி, சுண்ணாம்பு மூட்டைக்கு ஒரு வட்டம். பீ.எச். தாள் ஒரு சுருள் ஒவ்வொரு கிளைக்கும் தருகிறோம், போகும்போது கிளைத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நாட்காட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுவாருங்கள். தேநீர் குடித்துவிட்டு, தாளை எப்படி நனைத்துப் பார்ப்பது என்று வெளியே பீலியடியில் காட்டித் தருகிறோம்.